பகுதி இருப்பு வங்கிமுறை மோசடியா? மோசடி இல்லை என்றால் அதில் தவறே கிடையாதா?

புதிர்ப்பாதை எழுதியது:

வைப்பில் ஒரு பகுதியை மட்டும் கையிருப்பாக வைத்துக்கொள்ளும் முறைக்குத்தான் பகுதி இருப்பு வங்கிமுறை என்று பெயர். அதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதை அரிக்கும் கேள்வி. கணக்கில் போட்ட பணத்தை எப்போது கேட்டாலும் தருவதாக வங்கி சொல்கிறது. அதே பணத்தை நம்பித்தான் இருபது வருடத் தவணையில் வீட்டுக்கடனும் கொடுக்கிறது. எனக்குச் சொன்னதையே கணக்கு வைத்திருக்கும் எல்லாரிடமும் சொல்கிறது. எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் கொடுக்க முடியாது என்பது வங்கிக்கும் தெரியும், அதைக் கண்காணிக்கும் மைய வங்கிக்கும் தெரியும்.

பணவீக்கம், வளர்ச்சி என்று போக வேண்டாம். எனக்கு வேண்டியது அறம் பற்றிய பதில். எல்லாருக்கும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே கொடுக்கும் வாக்கு பொய்வாக்கு ஆகாதா? சட்டம் அனுமதிக்கிறது என்பதால் மட்டும் அது நேர்மையாகிவிடுமா?

---

முழுக்கையிருப்பு எழுதியது:

பொய்வாக்குதான். சுற்றி வளைக்கத் தேவையில்லை. ஆஸ்திரியப் பள்ளி என்ற பொருளாதார மரபைச் சேர்ந்த மரே ராத்பார்ட் பல காலம் எழுதிவந்த வாதம் இது: கேட்டவுடன் தருவேன் என்று வாங்கிய பணம் பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்டது, அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது கையாடல். அதே மரபைச் சேர்ந்த ஸ்பெயின்காரரான ஹெசுஸ் உவெர்த்தா தெ சோத்தோ இதையே ரோமானியச் சட்டத்திலிருந்து தொடங்கி விரிவாகக் காட்டியிருக்கிறார். கடன் கொடுத்தவன் அந்தப் பணத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுக்கொடுக்கிறான். வைப்பு வைத்தவன் எதையும் விட்டுக்கொடுப்பதாக நினைப்பதே இல்லை. நாளைக் காலையில் அதை வைத்துச் செலவு செய்யலாம் என்றே இருக்கிறான்.

பழைய காலத்தில் இதை எவ்வளவு கடுமையாகப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1360-இல் பார்சலோனாவில் வைப்பாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முடியாத பிரான்செஸ்க் காஸ்தெல்யோ என்ற வங்கியாளரை அவருடைய வங்கிக்கு எதிரிலேயே தலையை வெட்டினார்கள். 1609-இல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்த உலோகம் அப்படியே பெட்டகத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அதன் மூலதனம். ஆனால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ரகசியமாகக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. 1790-களில் அது வெளியே தெரிந்ததும் இரண்டு நூற்றாண்டு சேர்த்த பெயர் போயிற்று.

---

வழக்குரை எழுதியது:

நண்பரே, இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். ஆம்ஸ்டர்டாம் வங்கி ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்தது. அது ஏமாற்று, சந்தேகமே இல்லை. இன்றைய வங்கி "உன் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்" என்று எங்கே சொல்கிறது?

ஆங்கிலச் சட்டத்தில் இது 1848-லேயே தீர்ந்துவிட்டது. ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில், அன்றைக்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது: வங்கியில் செலுத்திய கணமே அது வங்கியின் பணம். வங்கி அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கேட்கும்போது அதே அளவு தொகையைத் திருப்பித் தரும் கடமை மட்டுமே உண்டு. வங்கி கடனாளி, நீங்கள் கடன் கொடுத்தவர். அதே வங்கியின் லாக்கரில் நகை வைத்தால் கதை வேறு. அந்த நகை உங்களுடையதாகவே இருக்கும், அதை எடுத்து அடகு வைத்தால் மேலாளர் சிறைக்குப் போவார்.

இந்த வேறுபாடு வெறும் காகித நுணுக்கம் என்று நினைப்பவர்கள் சமீபத்திய இரண்டு கிரிப்டோ நிறுவனங்களைப் பாருங்கள். எஃப்டிஎக்ஸ் தன் விதிமுறைகளில் நாணயங்களின் உரிமை வாடிக்கையாளருடையதே என்று எழுதியிருந்தது. அவற்றை எடுத்துத் தன் சகோதர நிறுவனமான அலமேடாவுக்குக் கொடுத்ததால் நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைட் 2023 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த மார்ச்சில் 25 ஆண்டு சிறை. செல்சியஸ் வட்டிக் கணக்கின் விதிமுறைகளோ உரிமை நிறுவனத்துக்கு மாறுகிறது என்று சொன்னது. 2023 ஜனவரியில் நியூயார்க் திவால் நீதிமன்றம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, நாணயங்கள் நிறுவனத்தின் சொத்து, வாடிக்கையாளர்கள் ஈடு எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் என்று முடித்துவிட்டது. வாடிக்கையாளரின் பொருளை எடுத்துப் புழங்கும் செயல் இரண்டிலும் ஒன்றுதான். ஒப்பந்தம் வேறு, அதனால் முடிவும் வேறு.

---

முழுக்கையிருப்பு எழுதியது:

செல்சியஸ் என் பக்கத்துச் சாட்சி! தங்கள் நாணயம் தங்களுடையதே என்று நம்பியவர்களிடம் நீதிமன்றம் "கையெழுத்துப் போட்டுவிட்டாயே" என்றது. 1848 தீர்ப்பும் இதே ரகம். அதற்கு முன்பே வங்கிகள் வைப்பைக் கடனாகக் கொடுத்துப் பழகிவிட்டன. நீதிபதிகள் அந்தப் பழக்கத்துக்கு முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். புதிர்ப்பாதை கேட்டது சட்டம் அல்ல. கணக்கு வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் வங்கிக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தெரியும்?

---

ஓரத்து இருக்கை எழுதியது:

கணக்குத் திறக்கும் படிவத்தின் விதிமுறைகளை முழுக்கப் படித்தவர் அதை எழுதிய வக்கீல் ஒருவர்தான். அவரும் முந்தைய படிவத்திலிருந்து ஒட்டியிருப்பார்.

---

பழைய கேஷியர் எழுதியது:

வங்கியின் நிதிப் பிரிவில் பல காலம் இருந்தவன். ஒன்றைத் தெளிவாக்காமல் அறம் பேசினால் பேச்சு வழிதவறும். "நூறு ரூபாய் வந்தது, பத்தை வைத்துக்கொண்டு தொண்ணூறைக் கடன் கொடுத்தார்கள்" என்ற பாடப்புத்தகப் படம் இன்றைய நடைமுறை இல்லை.

கடன் ஒப்புதல் ஆனதும் வங்கி யாருடைய வைப்பையும் எடுத்துக் கொடுப்பதில்லை. வாங்குபவரின் கணக்கில் தொகையை வரவு வைக்கிறது. சொத்துப் பக்கத்தில் ஒரு கடன், பொறுப்புப் பக்கத்தில் ஒரு வைப்பு, இரண்டும் ஒன்றாகப் பிறக்கின்றன. பிரிட்டனின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கியே 2014-இல் தன் காலாண்டு இதழில் இதை வெளிப்படையாக விளக்கியது. கட்டாயக் கையிருப்பு என்பதும் பல இடங்களில் மறைந்துவிட்டது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எதிலும் கிடையாது. அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2020 மார்ச்சில் அதைப் பூஜ்யமாக்கியது. யூரோ வட்டாரத்தில் 1 சதவீதம்.

அப்படியானால் வங்கியைக் கட்டுப்படுத்துவது எது? பங்குதாரர் போட்ட சொந்த மூலதனம், 30 நாள் நெருக்கடியைத் தாங்கும் அளவுக்கு உடனே காசாக்கக்கூடிய சொத்து வைக்க வேண்டும் என்ற பாசெல் விதி (வங்கிகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பு), அப்புறம் கடனைத் திருப்பிக் கட்டக்கூடிய ஆள் கிடைப்பது. ஆகவே "என் பணத்தை எடுத்து அவனுக்குக் கொடுத்தார்கள்" என்ற குற்றச்சாட்டு நிற்காது. நிற்கக்கூடிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு: கையில் இருப்பதைவிடப் பல மடங்குக்கு வங்கி வாக்குக் கொடுக்கிறது. அதைப் பேசுவோம்.

---

கத்தரிவெயில் எழுதியது:

அதாவது காற்றிலிருந்து பணத்தைப் படைத்து அதற்கு வட்டியும் வாங்குகிறார்கள். நான் செய்தால் கள்ளநோட்டு, அவர்கள் செய்தால் வங்கித் தொழில்.

---

பழைய கேஷியர் எழுதியது:

இல்லை ஐயா. கள்ளநோட்டு அடிப்பவன் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வங்கி வரவு வைத்த தொகை வங்கி பட்ட கடன். கடன் வாங்கியவர் அதை வேறு வங்கியில் கணக்கு வைத்திருப்பவருக்கு அனுப்பிய நிமிடமே, என் வங்கி மைய வங்கிப் பணத்தில் அந்த வங்கிக்குக் கணக்கு தீர்க்க வேண்டும். அது இல்லையென்றால் கடன் வாங்கியாவது கொண்டுவர வேண்டும். கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் இழப்பு முதலில் மூலதனத்தில் விழும். நோட்டு அச்சடிக்கும் இயந்திரம் வைத்திருப்பவன் திவாலாக வழியே இல்லை. வங்கிகள் திவாலாகின்றனவே.

---

மணிமிடை எழுதியது:

இப்போதுதான் பேச்சு சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிறைவேற்றலாம், எல்லாருக்கும் ஒன்றாக நிறைவேற்ற முடியாது. இப்படிப்பட்ட வாக்கைக் கொடுப்பது அதனாலேயே பொய்யா?

இல்லை என்பவர்கள் உடனே காப்பீட்டைக் காட்டுவார்கள். எல்லா வீடும் ஒரே இரவில் எரிந்தால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் தாங்காது, அதை யாரும் மோசடி என்பதில்லை. நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. உங்கள் வீடு எரிந்ததைக் கேள்விப்பட்டு நான் என் வீட்டுக்குத் தீ வைப்பதில்லை. வங்கியில் நடப்பது அதுதான். நீங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் நானும் நிற்பதே எனக்குப் புத்திசாலித்தனம். வங்கி நல்ல நிலையில் இருந்தாலும் சரி, மற்றவர்கள் எடுக்கப்போகிறார்கள் என்ற சந்தேகமே போதும். டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983-இல் இதைக் கணித மாதிரியாகக் காட்டினார்கள். 2022-இல் பென் பெர்னான்கியோடு நோபல் பரிசு பெற்றது இந்த வகை ஆய்வுக்காகத்தான்.

அவர்கள் சொன்னதில் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம். மறுபாதி வங்கிக்கு ஆதரவானது. எனக்கு எப்போது பணம் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது, தொழிற்சாலை கட்டுபவருக்கோ பத்து வருடத்துக்குப் பணம் வேண்டும். இரண்டு தேவையையும் ஒரே ஏற்பாட்டில் சேர்த்துவைப்பது சமூகத்துக்கு உண்மையான நன்மை, வங்கி செய்யும் வேலையே அதுதான். ஓட்டம் பிடிக்கும் ஆபத்தும் அதே ஏற்பாட்டின் வயிற்றில்தான் இருக்கிறது. நன்மையை வைத்துக்கொண்டு ஆபத்தை மட்டும் கத்தரித்துவிட முடியாது.

எனவே "மோசடி" என்ற முத்திரை எனக்கு ஒத்துவரவில்லை. ஆபத்து யார் தலையில் விழுகிறது, அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

---

வழக்குரை எழுதியது:

கேட்டுவிட்டு, எழுதியும் கொடுத்த வங்கிகள் இருந்திருக்கின்றன. 1730-இல் ஸ்காட்லாந்து வங்கி தன் நோட்டுகளில் ஒரு வரியைச் சேர்த்தது. நோட்டைக் கொண்டுவந்தால் உடனே பணம் தருவோம், அல்லது இயக்குநர்கள் விரும்பினால் ஆறு மாதம் கழித்து வட்டியோடு தருவோம் என்று. கூட்டம் முண்டியடித்தால் வங்கி அந்த வரியைக் காட்டி மூச்சு விட்டுக்கொள்ளலாம். நோட்டு வாங்கியவருக்கும் அது புதிதல்ல, நோட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஏமாற்று என்று யாரும் சொல்ல முடியாது.

வங்கித் தொழிலை அரசுக் கட்டுப்பாடின்றி விட வேண்டும் என்பவர்களான, பகுதி இருப்பை ஆதரிக்கும் ஆய்வாளர்கள் லாரன்ஸ் வைட்டும் ஜார்ஜ் செல்ஜினும் ராத்பார்ட் அணிக்குப் பதில் சொல்லும்போது இந்தப் பக்கம்தான் வருவார்கள். இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை மூன்றாமவர் மோசடி என்று தடை செய்ய என்ன உரிமை?

---

புதிர்ப்பாதை எழுதியது:

இவ்வளவு நேர்மையான வரி ஏன் இன்றைக்கு இல்லை?

---

வழக்குரை எழுதியது:

1765-இல் நாடாளுமன்றம் தடை செய்துவிட்டது. சின்னச் சின்னத் தொகைக்கு நோட்டு வெளியிட்ட பலர் அந்த வரியைச் சாக்காக வைத்துக்கொண்டு இழுத்தடித்தார்கள் என்ற புகார் பெருகியிருந்தது. விளைவைக் கவனியுங்கள். "சில நேரம் தாமதமாகும்" என்ற உண்மையைச் சொல்வது குற்றமானது, "கேட்டவுடன் தருவேன்" என்று எல்லாரிடமும் சொல்வது கட்டாயமானது.

---

முழுக்கையிருப்பு எழுதியது:

வைட், செல்ஜின் வாதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. அது வங்கியும் வைப்பாளரும் மட்டும் இருக்கும் உலகத்துக்குப் பொருந்தும். புதிதாக உருவான பணம் சந்தைக்கு வந்து விலையை ஏற்றினால், வங்கிப் பக்கமே போகாதவனும் பாதிக்கப்படுகிறான். அவன் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்?

---

மணிமிடை எழுதியது:

வெளியாளைப் பற்றிய உங்கள் கேள்வி சரி, உதாரணம்தான் பலவீனம். விலை ஏறுவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், வங்கி தப்பித்துவிடும். வெளியாளின் தலையில் பாரம் எப்படி நேரடியாக ஏறுகிறது என்பதற்கு 2023 மார்ச்சைப் பாருங்கள்.

அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் 90 சதவீதத்துக்கும் மேலான வைப்பு காப்பீட்டு வரம்பான 2,50,000 டாலரைத் தாண்டியது. அதாவது பெரும்பாலான பணத்துக்குக் காப்பீடு இல்லை என்பது வைத்தவர்களுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். வங்கி வாங்கி வைத்திருந்தது பெரும்பாலும் மோசமான கடன் அல்ல, நீண்டகால அரசுக் கடன்பத்திரங்களும் அரசு ஆதரவுள்ள அடமானப் பத்திரங்களும்தான். வட்டி விகிதம் ஏறியதும் அவற்றின் சந்தை மதிப்பு சரிந்தது. மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போனது. மறுநாள் இன்னும் 10,000 கோடி டாலருக்குக் கோரிக்கை காத்திருந்தது, வங்கியை மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது: காப்பீடு இல்லாதவர்கள் உட்பட எல்லா வைப்பாளருக்கும் முழுப் பணம். பங்குதாரர்களுக்கு ஒன்றுமில்லை. காப்பீட்டு நிதிக்கு ஏற்பட்ட இழப்பை மற்ற வங்கிகளிடம் சிறப்புக் கட்டணமாக வசூலித்தார்கள். அந்த வங்கிகள் அதை எங்கிருந்து எடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து வருடம் பின்னால் போங்கள். 2013 மார்ச்சில், வங்கி நெருக்கடியில் சிக்கிய சைப்ரஸ். முதலில் வந்த திட்டம் 1,00,000 யூரோவுக்குக் கீழே உள்ள, காப்பீடு செய்யப்பட்ட கணக்குகளிலும் 6.75 சதவீதம் பிடிப்பது. நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. கடைசியில் பேங்க் ஆஃப் சைப்ரஸ் என்ற வங்கியில் 1,00,000 யூரோவுக்கு மேல் இருந்த தொகையில் 47.5 சதவீதத்தை அந்த வங்கியின் பங்குகளாக மாற்றிவிட்டார்கள்.

இரண்டு இடத்திலும் வைப்பாளர் செய்தது ஒன்றே. வரம்புக்கு மேல் பணம் வைத்தார். ஒருவருக்கு முழுசாகக் கிடைத்தது, இன்னொருவர் விரும்பாமலே பங்குதாரர் ஆனார். விதி முன்பே எழுதியிருந்தும், வங்கி விழுந்த வார இறுதியில்தான் யார் சுமப்பது என்று முடிவாகிறது. எனக்கு உறுத்துவது இதுதான். கையிருப்பு 1 சதவீதமா 100 சதவீதமா என்பது அவ்வளவாக உறுத்தவில்லை. நல்ல காலத்தில் வட்டி வித்தியாசத்தின் லாபம் பங்குதாரருக்கும் நிர்வாகிகளின் போனசுக்கும் போகிறது. கெட்ட காலத்தின் சுமை, அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தே இராதவர்களுக்குப் போகிறது.

---

ஓரத்து இருக்கை எழுதியது:

சைப்ரஸ்காரர்களையாவது பங்குதாரர் ஆக்கிவிட்டுச் சொன்னார்கள். நாமெல்லாம் சொல்லாமலே ஆகியிருக்கிறோம் போல.

---

முழுக்கையிருப்பு எழுதியது:

மணிமிடை நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தை மட்டும் மறைக்கிறீர்கள். கேட்டவுடன் தரும் கணக்குக்கு 100 சதவீதக் கையிருப்பு, கடன் கொடுக்க வேண்டுமென்றால் காலக்கெடு வைத்து, இழப்பையும் ஏற்கச் சம்மதிக்கும் பணம். இதை ராத்பார்ட் மட்டும் சொல்லவில்லை. 1933-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் நைட், ஹென்றி சைமன்ஸ் போன்றவர்கள் முன்வைத்த திட்டம் இதுதான். இர்விங் ஃபிஷர் 1935-இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். மில்டன் ஃபிரீட்மனும் ஆதரித்தார். ஆஸ்திரியப் பைத்தியங்கள் என்று ஒதுக்கிவிட முடியாத பெயர்கள். வைப்பில் போட்டவன் வைப்பாளன், முதலீட்டில் போட்டவன் முதலீட்டாளன், யார் எதற்குச் சம்மதித்தார் என்பதில் குழப்பமே இருக்காது.

---

பழைய கேஷியர் எழுதியது:

இது போன்ற ஒரு திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் மக்களிடமே கேட்டார்கள். 2018 ஜூன் 10 வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்பு அறத்தைத் தீர்மானிக்காது என்பீர்கள், சரி.

என் தயக்கம் வேறு. கேட்டவுடன் காசு வேண்டும், கூடவே வட்டியும் வேண்டும் என்ற ஆசை மனிதர்களிடம் இருக்கிறது. வங்கியில் அதைத் தடுத்தால் வேறு பெயரில் வரும். 2008 செப்டம்பரில் லேமன் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்த மறுநாள் ரிசர்வ் பிரைமரி என்ற பணச்சந்தை நிதியின் அலகு ஒரு டாலரிலிருந்து 97 சென்ட் ஆனது. அது வங்கி இல்லை, முதலீட்டு நிதி. விலை குறையலாம் என்று ஆவணத்தில் தெளிவாக இருக்கும். உங்கள் திட்டம் கேட்கும் சம்மதம் கையெழுத்தோடு இருந்தது. நடந்தது என்ன? அந்த வகை நிதிகளிலிருந்து எல்லாரும் ஓடினார்கள். அதே வாரம் அமெரிக்கக் கருவூலம் அவற்றுக்கு உத்தரவாதம் கொடுத்தது. காகிதத்தில் இழப்பை ஏற்ற முதலீட்டாளர், இழப்பு வந்த நாளில் வைப்பாளராக மாறிவிட்டார். அரசும் அதை ஒப்புக்கொண்டது.

---

மணிமிடை எழுதியது:

அதனால்தான் நான் கையிருப்பைவிட மூலதனத்தைப் பார்க்கிறேன். நூறு கடன் கொடுத்தால் அதில் பங்குதாரர் பணம் எவ்வளவு? பாசெல் விதியில் ஆபத்துக்கேற்ப எடைபோட்ட சொத்தின் மேல் குறைந்தபட்ச மொத்த மூலதனம் 8 சதவீதம், அதற்கு மேல் சில கூடுதல் அடுக்குகள். எடைபோடாத மொத்தக் கணக்கில் 3 சதவீதம் போதும். லாபம் வாங்குபவரே இழப்பையும் தாங்க வேண்டும் என்றால் இந்த 3 மிக மிகக் குறைவு. மூலதனம் தடிமனாக இருந்தால் பகுதி இருப்பு அப்படியே இருக்கட்டும், எனக்குப் பிரச்சினை இல்லை.

---

புதிர்ப்பாதை எழுதியது:

மூலதனம் கூடினால் வெளியாளின் பாரம் குறையும், புரிகிறது. ஆனால் வைப்பாளரின் சம்மதம் என்ற பக்கம் அப்படியே நிற்கிறது. வேறு வழி இருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தானே சம்மதம்? வட்டியே வேண்டாம், பணத்தை யாருக்கும் கொடுக்காமல் மைய வங்கியில் அப்படியே வை என்று சொல்லக்கூடிய கணக்கு எங்கே இருக்கிறது?

---

வழக்குரை எழுதியது:

அமெரிக்காவில் சிலர் முயன்றார்கள், அதுவும் வட்டியோடு. டிஎன்பி என்ற நிறுவனம், பெரிய நிறுவனங்களின் வைப்பை வாங்கி முழுவதையும் ஃபெடரல் ரிசர்வில் வைப்போம், கடனே கொடுக்க மாட்டோம் என்றது. அதற்கு மைய வங்கியில் ஒரு கணக்கு வேண்டும். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி முடிவே சொல்லாமல் இழுத்தது. 2018-இல் வழக்குப் போட்டார்கள், 2020-இல் தள்ளுபடியானது. 2019-இல் ஃபெடரல் ரிசர்வ் வாரியம் இத்தகைய நிறுவனங்கள் பற்றித் தன் கவலையை எழுத்திலேயே வைத்தது. நெருக்கடி வந்தால் மற்ற வங்கிகளின் வைப்பெல்லாம் இங்கே ஓடிவந்துவிடும் என்பது அதில் ஒன்று.

---

முழுக்கையிருப்பு எழுதியது:

இதைவிட வாக்குமூலம் வேண்டுமா? பாதுகாப்பான இடம் ஒன்று இருந்தால் மக்கள் அங்கே போய்விடுவார்கள், ஆகவே அந்த இடம் இருக்கக் கூடாது!

---

பழைய கேஷியர் எழுதியது:

அவசரப்படாதீர்கள். சாதாரண நாளில் போக மாட்டார்கள், கடன் கொடுக்கும் வங்கி அதைவிட அரைச் சதவீதம் கூடக் கொடுத்தாலே இங்கேயே இருப்பார்கள். நெருக்கடி நாளில்தான் ஓடுவார்கள். அன்றைக்கு வெளியேறும் கதவு அகலமாக இருந்தால் முதலில் ஓடுபவர் பெரிய நிறுவனம். அதன் நிதி மேலாளர் திரையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர். சம்பளக் கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்குச் செய்தி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

---

மணிமிடை எழுதியது:

கேஷியர் ஐயா, அது அந்தக் கணக்கைப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் கொடுப்பதற்கு எதிரான வாதம். சம்பளக் கணக்குக்காரருக்கும் முதல் நாளிலிருந்தே அதே வசதியைக் கொடுத்தால் அவர் ஏன் ஓட வேண்டும்? அந்தப் பணம் வங்கிகளிடமிருந்து போய்விட்டால் கடன் கொஞ்சம் விலை கூடும். எவ்வளவு கூடும் என்பதைப் பொருளாதாரக்காரர்கள் கணக்குப் போடட்டும்.

---

புதிர்ப்பாதை எழுதியது:

நான் அந்தக் கணக்கைத் திறந்து பாதியை அதில் போடுவேன். மறுபாதி வட்டிக்காக வங்கியிலேயே இருக்கும், அது போனால் என் பொறுப்பு. முழுக்கையிருப்பு, நீங்கள் அந்த மறுபாதியையும் தடை செய்வீர்களா?

---

முழுக்கையிருப்பு எழுதியது:

காலக்கெடு வைத்துப் போட்டால் தடுக்க மாட்டேன். கேட்டவுடன் வேண்டும் என்றால் தடுப்பேன்.

---

வழக்குரை எழுதியது:

ஸ்காட்லாந்து நோட்டில் இருந்த அந்த ஆறு மாத வரியோடு இருந்தால்?

---

முழுக்கையிருப்பு எழுதியது:

அதை யோசிக்க வேண்டும். நாளை எழுதுகிறேன்.